பேட்டரி சைக்கிள்: வாட்டைக் கூட்டினால் கூடுவது பாரமா, வேகமா?

பம்புசெட்டுக்கு மோட்டார் வாங்கும்போது எத்தனை கேள்வி கேட்கிறோம்! கிணறு எத்தனை அடி, தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது, பாய வேண்டியது எத்தனை ஏக்கர் என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் 5 எச்.பி.யா, 7.5 எச்.பி.யா என்று முடிவு செய்கிறோம். மின் இணைப்பில் அனுமதித்த அளவுக்கு மேல் மோட்டார் மாட்டினால் என்ன வரும் என்பதும் நமக்குத் தெரியும். அதே நாம் பேட்டரி சைக்கிள் வாங்கப் போனால் ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறோம்: "இதைவிட பவர் கூடினது இல்லையா?"

கடைக்காரரும் எடுத்து வைக்கிறார். 500 வாட், 750 வாட், 1000 வாட். "லைசென்ஸ் வேண்டாம், ஆர்.சி. வேண்டாம், இன்சூரன்ஸ் வேண்டாம். சைக்கிள்தானே!" என்கிறார். அவர் சொல்வது 250 வாட் சைக்கிளுக்கு உண்மை. கையில் கொடுப்பது 1000 வாட். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

பெரம்பலூர் பக்கம் வயல் பார்க்கப் போன இடத்தில் சின்ன வெங்காயம் போட்டிருந்த விவசாயி ஒருவர் தன் சைக்கிளைப் பெருமையாகக் காட்டினார். மகளுக்குப் பள்ளியில் கொடுத்த விலையில்லா சைக்கிள். பின்சக்கரத்தில் 1000 வாட் கிட் மாட்டியிருந்தார். "மூட்டை ஏத்தணும் சார், அதான் பெரிசாப் போட்டேன்" என்றார். எவ்வளவு வேகம் போகும் என்று கேட்டேன். "நாப்பது போகுது சார்!" யார் ஓட்டுவார்கள் என்று கேட்டேன். "காலையில பையன்தான் பால் சொசைட்டிக்கு எடுத்துட்டுப் போவான். பத்தாவது படிக்கிறான்." பிரேக்கைப் பார்த்தேன். சைக்கிளோடு வந்த அதே ரப்பர் கட்டைதான்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்குத் தேவைப்பட்டது இழுவை. கடையில் விற்றது வேகம். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை யாரும் அவரிடம் சொல்லவில்லை. விரிவாக்கப் பணியில் இருக்கும் நாமும் சொல்லவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இல் பேட்டரி வாகனத்துக்கு ஒரு விலக்கு உண்டு. மோட்டாரின் 30 நிமிடத் திறன் 0.25 கிலோவாட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும். வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். பெடல் உதவி சைக்கிள் என்றால், 25-ஐ நெருங்க நெருங்க மோட்டாரின் உதவி படிப்படியாகக் குறைந்து நின்றுவிட வேண்டும். மிதிப்பதை நிறுத்தினால் அதற்கு முன்பே நிற்க வேண்டும். சரியான பிரேக், முன்னால் வெள்ளை பிரதிபலிப்பான், பின்னால் சிவப்பு பிரதிபலிப்பான் வேண்டும். இவற்றையெல்லாம் அரசு அங்கீகரித்த சோதனை நிறுவனம் பார்த்து உறுதி செய்திருக்க வேண்டும். அப்படி இருந்தால் மட்டுமே அது 'மோட்டார் வாகனம்' ஆகாது. பதிவு, உரிமம், காப்பீடு எதுவும் வேண்டாம்.

30 நிமிடத் திறன் என்றால் என்ன? மோட்டார் அரை மணி நேரம் தொடர்ந்து ஓடித் தரக்கூடிய திறன். பம்புசெட் மோட்டார் கிளம்பும்போது கூடுதல் ஆம்பியர் இழுத்துவிட்டு அடங்குவதைப் பார்த்திருப்பீர்கள். சைக்கிள் மோட்டாரும் மேட்டில் சிறிது நேரம் 250-க்கு மேல் தரலாம். அது குற்றமில்லை. தொடர்ந்து தரும் திறன்தான் கணக்கு.

இந்த வரம்பைத் தாண்டிய சைக்கிள், பெடல் இருந்தாலும், சட்டத்தின் கண்ணில் மோட்டார் வாகனம். பதிவு இல்லாமல் ஓட்டினால் அபராதம், உரிமம் இல்லாவிட்டால் அபராதம், காப்பீடு இல்லாவிட்டால் அபராதம். 18 வயது நிரம்பாத பிள்ளை ஓட்டி மாட்டினால், 2019 திருத்தத்தின்படி பெற்றோர் அல்லது வாகன உரிமையாளருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்க இடம் இருக்கிறது.

அபராதம்கூடப் பெரிதில்லை. அந்தச் சைக்கிள் வழியில் போகும் ஒரு முதியவர்மீது மோதிவிட்டது என்று வையுங்கள். மோட்டார் வாகன விபத்து என்பதால் வழக்கு இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகும். காப்பீடு இருந்தால் நிறுவனம் கட்டும். இல்லையென்றால் உரிமையாளர் கட்ட வேண்டும். கட்டாவிட்டால், 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 174-ஆவது பிரிவின்படி, அந்தத் தொகையை நிலவரி பாக்கியைப் போலவே மாவட்ட ஆட்சியர் மூலம் வசூலிக்கலாம். இதன் பொருளை விவசாயிக்கு விளக்கத் தேவையில்லை. சைக்கிளில் மாட்டிய ஒரு மோட்டாருக்காக நிலத்தை இழக்கும் நிலை வரலாம்.

250 வாட் போதுமா?

இது நியாயமான கேள்வி. 746 வாட் ஒரு எச்.பி. என்பதால் 250 வாட் என்பது மூன்றில் ஒரு பங்கு எச்.பி. ஒரு எக்ஸ்எல் வண்டியின் எஞ்சின் 4 எச்.பி.க்கு மேல் தருகிறது. அதனால் 250 வாட் விளையாட்டுப் பொருள் போலத் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஓட்டுபவர் 65 கிலோ, பேட்டரியோடு சைக்கிள் 30 கிலோ, ஒரு யூரியா மூட்டை 45 கிலோ. மொத்தம் 140 கிலோ. காய்ந்த மண் பாதையில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போக, சக்கர உராய்வும் காற்றும் சேர்ந்து கேட்பது ஏறக்குறைய 140 வாட். சாதாரணமாக மிதிக்கும் மனிதரின் கால் 60, 70 வாட் தரும். மோட்டாருக்கு மிச்சமிருப்பது அதன் திறனில் பாதிக்கும் குறைவு.

ஏரிக்கரை மேடு? 100 அடிக்கு 5 அடி உயரும் ஏற்றத்தில், அதே பாரத்தோடு மணிக்கு 10 கிலோமீட்டரில் ஏற 275 வாட் அளவுக்கு வேண்டும். மோட்டாரும் காலும் சேர்ந்தால் ஏறிவிடும். இரண்டு மூட்டை என்றால் 8 கிலோமீட்டராகக் குறைத்துக்கொண்டு மிதிக்க வேண்டும்.

இப்போது வேகத்தின் கணக்கைப் பாருங்கள். 25 கிலோமீட்டரில் காற்றைத் தள்ள மட்டும் 120 வாட் வரை செலவாகிறது. 40 கிலோமீட்டரில் அதற்கு 490 வாட் வேண்டும். வேகம் ஒன்றரை மடங்கு கூடியதற்கு நான்கு மடங்கு திறன். நீங்கள் மூட்டைக்காக வாங்கிய 1000 வாட்டில் பாதி, காற்றைத் தள்ளுவதற்கே போய்விடுகிறது. வேகம் கூடினால் பிரேக் பிடித்து நிற்க வேண்டிய தூரமும் இரண்டரை மடங்காகிறது. அந்த ரப்பர் கட்டை பிரேக் இதற்காகச் செய்யப்பட்டதல்ல.

இழுவைக்கு வழி வேறு. சேற்றில் டிராக்டரை ஓட்டும்போது என்ன செய்கிறோம்? எஞ்சினை மாற்றுவதில்லை, லோ கியர் போடுகிறோம். அதே திறனில் வேகத்தைப் பாதியாக்கினால் இழுவை இரண்டு மடங்காகும். சைக்கிளுக்கும் அதுதான். ஹப் மோட்டாரில் ஒரே வாட்டில் வேகமாகச் சுற்றுவதும் உண்டு, மெதுவாகச் சுற்றுவதும் உண்டு. மெதுவாகச் சுற்றுவதைக் கேட்டு வாங்குங்கள். 26 அங்குலச் சக்கரத்தைவிட 20 அங்குலச் சக்கரத்தில் இழுவை கூடும். கியர் உள்ள மோட்டாரா என்று கேளுங்கள். மூட்டையைக் கேரியரில் அடுக்காமல், தாழ்வான இரு சக்கர இழுவை வண்டியைப் பின்னால் பூட்டினால் சைக்கிள் தலை தூக்காது. கிளம்பும்போது இரண்டு மிதி மிதித்துவிட்டு மோட்டாரைச் சேர்த்தால் அது சூடாவதும் குறையும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

முதலில் சோதனைச் சான்றின் நகலைக் கேளுங்கள். புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ., நம் பக்கம் ஒரகடத்தில் உள்ள ஜி.ஏ.ஆர்.சி. போன்ற நிறுவனங்கள் இந்தச் சோதனையைச் செய்கின்றன. அந்த மாதிரியின் பெயர் சான்றில் இருக்க வேண்டும். பழைய சைக்கிளில் உள்ளூரில் மாட்டும் கிட்டுக்கு, அது 250 வாட்டாகவே இருந்தாலும், இந்தச் சான்று இருக்காது. அதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

அடுத்து, மோட்டாரில் ஒட்டிய சீட்டை மட்டும் நம்ப வேண்டாம். சீட்டு 250 என்று சொல்லும். உள்ளே இருப்பது வேறாக இருக்கும். கன்ட்ரோலரில் எழுதியிருக்கும் ஆம்பியரைப் பேட்டரியின் வோல்ட்டோடு பெருக்குங்கள். 36 வோல்ட், 14 ஆம்பியர் என்றால் உச்சத்தில் 500 வாட் சொச்சம்; 250 வாட் மோட்டாருக்கு அந்த அளவு ஏற்கத்தக்கது. 48 வோல்ட், 25 ஆம்பியர் என்றால் 1200 வாட். சீட்டில் என்ன எழுதியிருந்தாலும் அது 250 வாட் வண்டி இல்லை. "ஒரு ஒயரைக் கழற்றினால் வேகம் கூடும்" என்று சொல்லும் கடையில் வாங்காதீர்கள். அந்த ஒயரைக் கழற்றியதும் சான்றும் விலக்கும் போய்விடும்.

பேட்டரித் தெளிப்பான் வைத்திருப்பவர்களுக்குப் பேட்டரி புதிதல்ல. அதில் இருப்பது 12 வோல்ட், 8 ஆம்பியர். சைக்கிளில் 36 வோல்ட், 10 ஆம்பியர் என்றால் அதைப்போல் நான்கு மடங்குக்குச் சற்றுக் குறைவு. ஒரு முறை சார்ஜ் செய்ய அரை யூனிட் மின்சாரம்கூட ஆகாது. சார்ஜை வீட்டு இணைப்பில் போடுங்கள். இலவச விவசாய இணைப்பு பாசனத்துக்காகக் கொடுக்கப்பட்டது. வேறு வேலைக்குப் பயன்படுத்தினால் மின்சாரச் சட்டத்தின்படி அது முறைகேடான பயன்பாடு. பொட்டாஷ், யூரியா மூட்டை ஏற்றினால் வீடு வந்ததும் ஈரத்துணியால் பேட்டரி முனைகளைச் சுற்றித் துடைத்துவிடுங்கள். உர உப்பு செம்பை அரிக்கும்.

அரசு செய்ய வேண்டியது

விவசாயியை மட்டும் வரம்புக்குள் இருக்கச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வது நியாயமில்லை. விதியிலும் ஓர் இடைவெளி இருக்கிறது. ஒரு பக்கம் 250 வாட் சைக்கிள். மறுபக்கம் 2014-இல் விதிகளில் சேர்த்த இ-கார்ட்: 310 கிலோ வரை சரக்கு, 25 கிலோமீட்டர் வேகம்; ஆனால் பதிவும் உரிமமும் வேண்டும். நடுவில், வயலில் இருந்து சாலை வரை நான்கு மூட்டை வெங்காயத்தையோ, இரண்டு பால் கேனையோ இழுக்க வேண்டிய சிறு விவசாயிக்கு ஒன்றுமில்லை. அந்த இடைவெளியில்தான் கள்ளத்தனமான கிட் விற்கிறது.

ஐரோப்பிய ஒன்றியத்திலும் சாதாரணப் பெடல் உதவி சைக்கிளுக்கு 250 வாட், 25 கிலோமீட்டர்தான் வரம்பு. ஆனால் 2013-ஆம் ஆண்டு ஒழுங்குமுறையில், வேகத்தை அதே 25-இல் நிறுத்திவிட்டு 1000 வாட் வரை அனுமதிக்கும் தனி வகையும் வைத்திருக்கிறார்கள். அதற்குத் தனி ஒப்புதல் பெற வேண்டும். வேகத்தைக் கட்டிவிட்டால், கூடுதல் வாட் இழுவைக்கு மட்டுமே போகும் என்பதுதான் அதன் கணக்கு.

நம் நாட்டிலும் அப்படி ஒரு வகை வேண்டும் என்பது என் கருத்து. மூன்று சக்கர மிதிவண்டி, 500 வாட் வரை மோட்டார், வேகம் 15 கிலோமீட்டருக்கு மேல் போகாதபடி பூட்டு, மூன்று சக்கரத்திலும் பிரேக், சோதனை நிறுவனத்தின் சான்று. இவை இருந்தால் உரிமம், பதிவு வேண்டாம் என்று விலக்கு அளிக்கலாம். சான்று பெற்ற மாதிரிக்கு வேளாண் இயந்திர மானியத்திலும் இடம் தரலாம்.

அது வரும் வரை விரிவாக்கப் பணியாளர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உழவர் உற்பத்தியாளர் நிறுவனக் கூட்டத்திலும் இயந்திரப் பயிற்சியிலும் இதற்காகப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். கன்ட்ரோலர் ஆம்பியரைப் பெருக்கிப் பார்ப்பதையும் 174-ஆவது பிரிவையும் சொன்னால் போதும்.

பெரம்பலூர் விவசாயியிடம் கடைசியில் இரண்டு விஷயம்தான் சொன்னேன். பையனை அந்தச் சைக்கிளில் அனுப்பாதீர்கள். மூட்டைக்கு மெதுவாகச் சுற்றும் மோட்டார் வாங்குங்கள். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "வாங்கும்போதே இதைச் சொல்ல ஆள் இல்லையே சார்" என்றார். அதற்காகத்தான் இதை எழுதினேன். நீங்கள் இன்னும் வாங்கவில்லை என்றால், பம்புசெட் வாங்கும்போது கேட்கும் அத்தனை கேள்வியையும் சைக்கிள் கடையிலும் கேளுங்கள்.