மேசை எண் 6 – பகுதி 9: புத்தகத்துல இல்லாத வயிறு

ரெண்டு வாரமா இந்தப் பக்கம் தலைகாட்டல. பரீட்சைன்னு சொன்னா நம்பவா போறீங்க? நிஜமாவே பரீட்சைதான். ஸ்காட்லாந்து மழை, பரீட்சை, ஊர்லருந்து போன்... மூணும் ஒரே வாரத்துல வந்துச்சு. மூணாவதைப் பத்தித்தான் இன்னைக்கு.

அதுக்கு முந்தி ஒரு சின்ன விளையாட்டு. கையில இருக்கறதைக் கீழ வைங்க. கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் ஒட்டவச்சு, மணிக்கட்டை லேசா உள்பக்கமா மடக்குங்க. நடுவுல கயிறு மாதிரி ஒண்ணு புடைச்சுக்கிட்டு நிக்குதா? அதுக்குப் பேர் பால்மாரிஸ் லாங்கஸ். ஒரு தசைநாண். நிக்கலையா? பயப்படாதீங்க. பாடப்புத்தகக் கணக்குல 100 பேருக்குச் சுமார் 15 பேருக்கு அது கிடையாது. ஊருக்கு ஊர், இனத்துக்கு இனம் கொஞ்சம் கூடும், குறையும். எனக்கு வலது கையில இருக்கு, இடது கையில இல்ல. 22 வருசமா அது தெரியாமலே பரோட்டா பிச்சுத் தின்னுருக்கேன் :-)

இல்லாட்டியும் பெருசா நஷ்டம் இல்லைங்கறதாலயே, வேற இடத்துல நாண் அறுந்துபோனா ஒட்டுப் போட இதை உருவி எடுப்பாங்க. இதுக்கு நேர் அடியில ஓடுறது மீடியன் நரம்பு. கட்டைவிரல் அசையவும், விரல் நுனியில சூடு குளிர் தெரியவும் அந்த நரம்பு வேணும். நாண் இல்லாத கையில, இருக்கும்னு நெனச்சுத் தேடி, வெள்ளையா கயிறு போல அகப்பட்டதை உருவி, அது நரம்புன்னு பின்னாடி தெரிஞ்ச சம்பவங்கள் மருத்துவ இதழ்கள்ல பதிவாகியிருக்கு. நீங்க இப்ப செஞ்ச பத்து விநாடிச் சோதனையை முதல்லயே செஞ்சிருந்தா அந்தக் கையில கத்தியே பட்டிருக்காது.

சரி, மேசை எண் 6க்கு வருவோம். தொடர்ந்து படிக்கறவங்களுக்கு எங்க தாத்தாவைத் தெரியும். தன் உடலை எங்களுக்குக் கொடுத்துட்டுப் போன பெரியவர். அன்னைக்கு வேலை கல்லீரலுக்குப் போற தமனி. புத்தகப் படம் ரொம்ப அழகு: ஒரு தமனி மேல போகும், ஒய் எழுத்து மாதிரி ரெண்டாப் பிரியும், வலது பாகத்துக்கு ஒண்ணு, இடது பாகத்துக்கு ஒண்ணு. எங்க தாத்தாவுக்கு வலதைக் காணோம். பக்கத்துல நின்ன ஐரிஷ் பொண்ணு என் கையில இருந்த கத்திரியை ஒரு பார்வை பார்த்தா பாருங்க... "நீ வெட்டிட்ட" அப்படின்னு. எனக்கும் சந்தேகம்தான். கொழுப்புன்னு நெனச்சு எதையோ கத்தரிச்சது ஞாபகம் இருந்துச்சு.

எங்களுக்குச் சொல்லித் தர்றவர் ஓய்வு பெற்ற சர்ஜன். வந்து குனிஞ்சாரு, விரலைப் பின்பக்கமா விட்டாரு. போர்ட்டல் சிரைக்குப் பின்னால, கீழருந்து தடியா ஒரு தமனி ஏறிவந்துச்சு. குடலுக்கு ரத்தம் கொடுக்கற தமனியிலிருந்து கிளம்பி, தனி வழி போட்டுக் கல்லீரலுக்குப் போயிருக்கு. மனுசனுக்கு ஒரே சந்தோசம். மத்த மேசைக்காரங்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினாரு. நான் வெட்டலைங்கறதுல என் சந்தோசம் தனி.

அப்புறம் தேடிப் படிச்சேன். நிக்கோலஸ் மிஷெல்ஸ்ங்கற உடற்கூறு அறிஞர் 200 உடல்களை அறுத்துப் பார்த்து 1966ல வெளியிட்ட கணக்குப்படி, கல்லீரல் தமனி புத்தகப் படம் மாதிரியே இருந்தது 55 சதவீதம் பேருக்குத்தான். 1994ல ஹயாட் குழு 1000 கல்லீரல்களைப் பார்த்துச் சொன்னது ஏறக்குறைய 76 சதவீதம். எதை எடுத்துக்கிட்டாலும், ஏறக்குறைய நாலு பேர்ல ஒருத்தராவது "புத்தகத்துல இல்லாத வயிறு" வச்சுக்கிட்டுத்தான் தெருவுல நடக்குறாங்க. யாருக்கும் தெரியறதில்ல, கத்தி உள்ள போற வரைக்கும்.

இப்ப போன் விசயம். அதே வாரம் மதுரையில சித்திக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன். லேப்ராஸ்கோப்பி, நாலு சின்ன ஓட்டை, மறுநாள் வீடுன்னு சொல்லியிருந்தாங்க. நடந்ததோ வலது விலாவுக்குக் கீழ சாய்வா ஒரு சாண் வெட்டு, ஆறு நாள் ஆஸ்பத்திரி. சித்தப்பா கொதிச்சுப் போயிட்டாரு. "நாலு ஓட்டைன்னு சொல்லிட்டு ஆட்டைக் கிழிச்ச மாதிரி கிழிச்சு வச்சிருக்காங்கடா. தொழில் தெரியாதவன் கையில கொடுத்துட்டேன்." குடும்ப வாட்ஸ்அப் குரூப்புல ஆளாளுக்குப் பொங்கினாங்க. நானும்தான். "விடாதீங்க சித்தப்பா, எழுதிக் கொடுங்க"ன்னு போட்டேன். டாக்டருக்குப் படிக்கிற புள்ளையே சொல்லிருச்சுன்னு அவரு பேப்பரும் பேனாவும் எடுத்துட்டாரு.

அடுத்த நாள்தான் டிஸ்சார்ஜ் சம்மரியைப் போட்டோ எடுத்து அனுப்பினாரு. நாலே வரி. பித்தப்பைக் கழுத்துப் பகுதியில கடுமையான ஒட்டல். கிரிட்டிகல் வியூ கிடைக்கவில்லை. திறந்த முறைக்கு மாற்றம். திறந்து பார்த்ததில் வலது கல்லீரல் தமனி பித்தப்பையை ஒட்டி வளைந்து கிடந்தது.

படிச்சுட்டு கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்திருந்தேன்.

விசயம் இதுதான். பித்தப்பையை எடுக்கணும்னா ரெண்டை வெட்டணும்: அதுக்கு வர்ற சின்னத் தமனி ஒண்ணு, அதுலருந்து கிளம்பற சின்னக் குழாய் ஒண்ணு. அந்தக் குழாய் பக்கத்துலயே பெரிய பித்தநாளம் இருக்கு. அதை வெட்டிட்டா போச்சு. பித்தம் வயித்துக்குள்ள கசியும், மஞ்சள் காமாலை வரும், குடலைக் கொண்டுபோய்க் கல்லீரல் நாளத்தோட தைக்கிற பெரிய ஆபரேஷன் வரைக்கும் போகும். சின்னக் குழாய் சிலருக்கு நீளம், சிலருக்கு இல்லவே இல்லாத மாதிரி குட்டை, சிலருக்குப் பெரிய நாளத்தை ஒட்டியே ரொம்ப தூரம் ஓடித் தாழ சேரும். பித்தப்பையைப் பிடிச்சு இழுக்கும்போது ரெண்டும் நேர்கோட்டுல வந்து ஒண்ணு போலவே தெரியும். 2003ல லாரன்ஸ் வே குழுவினர் இப்படி நாளம் அடிபட்ட 252 கேஸ்களை அலசினாங்க. 97 சதவீதத்துல மூலகாரணம் கண் ஏமாந்ததுதான். கைத்திறமைக் குறைவு ரொம்பக் கொஞ்சம். வெட்டினவர் சரியானதைத்தான் வெட்டுறோம்னு முழுசா நம்பித்தான் வெட்டியிருக்காரு.

அதனாலதான் 1995ல ஸ்டீவன் ஸ்ட்ராஸ்பெர்க் ஒரு கட்டுப்பாட்டை எழுதி வச்சாரு. கொழுப்பை எல்லாம் சுத்தம் பண்ணு. பித்தப்பையோட அடிப்பகுதியைக் கல்லீரல்லருந்து பிரிச்சுக் காட்டு. பித்தப்பைக்குள்ள ரெண்டே ரெண்டு மட்டும் போறது கண்ணுக்குத் தெரியணும். தெரியற வரைக்கும் கிளிப் போடாதே. கிரிட்டிகல் வியூன்னா இதுதான். தெரியலைன்னா வேற வழிக்குப் போ, திறக்கறதும் அதுல ஒண்ணு.

சித்திக்கு வளைஞ்சு கிடந்த தமனி, கல்லீரலோட வலது பாகத்துக்கே ரத்தம் கொண்டுபோறது. ஒட்டலுக்கு நடுவுல திரையில பார்த்தா பித்தப்பைக்குப் போற சின்னத் தமனின்னு நெனச்சு அதுக்குக் கிளிப் போட்டிருக்கலாம். அந்த டாக்டர் போடல. எனக்குத் தெரியலைன்னு அவரே ஒத்துக்கிட்டு, பேர் கெடும்னு தெரிஞ்சும் வயித்தைத் திறந்துட்டாரு. அந்த ஆளைத்தான் நான் விடாதீங்கன்னு சொல்லியிருக்கேன்.

சித்தப்பாவுக்குப் போன் போட்டு ஒரு மணி நேரம் பேசினேன். "அப்ப முதல்லயே சொல்லியிருக்கலாம்ல?" அப்படின்னாரு. அதுல நான் அவர் பக்கம்தான். கையெழுத்து வாங்கின தாள்ல 'தேவைப்பட்டால் திறந்த முறை'ன்னு இங்கிலீசுல இருந்திருக்கு. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லல. ரெண்டு நிமிச வேலை அது. எழுதிக் கொடுக்கறதுன்னா அதைப் பத்தி எழுதுங்கன்னேன். குரூப்புலயும் நான் போட்டது தப்புன்னு போட்டேன். ஒரு மாமா கட்டைவிரல் காட்டினாரு, வேற யாரும் கண்டுக்கல.

நேத்து சித்தியே பேசினாங்க. "ஏண்டா ராசா, எனக்கு உள்ள என்னமோ கோணலா கெடந்துச்சாமே, எங்க அம்மாவுக்கும் அப்படித்தான் இருந்திருக்குமோ?" தெரியாது சித்தின்னேன். பேச்சை மாத்த மணிக்கட்டு விளையாட்டைச் சொல்லிக் கொடுத்தேன். அங்க இருந்த எல்லாரையும் செய்ய வச்சுட்டாங்க. சித்திக்கு ரெண்டு கையிலயும் இருக்காம். சித்தப்பாவுக்கு ரெண்டுலயும் இல்லையாம். "அந்த மனுசனுக்கு எதுதான் இருந்துச்சு" அப்படின்னு சிரிச்சுட்டு, உடனே "ஐயோ தையல் இழுக்குது"ன்னு போனை வச்சுட்டாங்க.

டிஸ்கி: நான் இன்னும் மாணவன்தான் சாமிகளா. தயவுசெஞ்சு உங்க ஸ்கேன் ரிப்போர்ட்டை எனக்கு அனுப்பாதீங்க. மணிக்கட்டுல இருக்கா இல்லையான்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க :-)