அரிவாளுக்கு வரி இல்லை... வேலி கட்டுற கொறடுக்கு 18 சதவீதமா?

 

ஒரு கடை பில்லைக் கையில் வைத்துக்கொண்டுதான் இந்த நோட்டீஸை எழுதுகிறோம். நம்ம சங்கத்து உறுப்பினர் ஒருவர், அகரம்தென் பக்கம் அரை ஏக்கரில் கீரையும் வெண்டையும் போடுகிறவர், தாம்பரத்தில் ஒரு ஹார்டுவேர் கடைக்குப் போனார். முள்கம்பி, கட்டுக்கம்பி, ஒரு கொறடு, கம்பி முறுக்குற கொக்கி ஒண்ணு, கூடவே ஒரு மண்வெட்டி வாங்கினார். பில்லைப் பார்த்தால் மண்வெட்டிக்கு வரி இல்லை. மத்த எல்லாத்துக்கும் 18 சதவீதம்!

"அண்ணாச்சி, மண்வெட்டியும் கழனிக்குத்தான், கொறடும் கழனிக்குத்தான். இதுக்கு மட்டும் எதுக்கு வரி?"

"நான் என்ன பண்றது பெரியவரே, கம்ப்யூட்டர்ல அப்படித்தான் வருது. கவர்மென்ட் போட்டது."

கடைக்காரர் சொன்னது நிஜம். அவர் மேல் தப்பில்லை. தப்பு எங்கே இருக்கிறது என்று பார்ப்போம்.

சட்டம் என்ன சொல்லுது?

2017 ஜூலை 1ல் ஜி.எஸ்.டி. வந்தது. அதில் 8201 என்று ஒரு நம்பர். மண்வெட்டி, களைக்கொத்து, கோடாரி, அரிவாள் எல்லாம் அதில் அடக்கம். வரி இல்லை. நல்லது, வரவேற்கிறோம். அதே பட்டியலில் செடி வேலியைக் கத்தரிக்கிற கத்தரிக்கோலும் இருக்கிறது. அதற்கும் வரி இல்லை.

அடுத்து 8203 என்று ஒரு நம்பர். கொறடு, கம்பி வெட்டுற கட்டர் எல்லாம் இதில். 18 சதவீதம். 7313 என்று இன்னொன்று. முள்கம்பியும், வேலிக்குப் பயன்படுகிற முறுக்குக் கம்பியும் இதில். 'வேலிக்குப் பயன்படுவது' என்று சட்டமே தன் வாயால் சொல்கிறது. அதற்கும் 18 சதவீதம். 7314, கம்பி வலை. அதுவும் 18.

அதாவது, செடி வேலியை வெட்டுகிற கத்தரிக்கோல் விவசாயக் கருவி! கம்பி வேலியைக் கட்டுகிற கொறடு விவசாயக் கருவி இல்லை! வேலியை வெட்டினால் வரி இல்லை, கட்டினால் வரி! இந்த நியாயம் எந்த ஊர் நியாயம் என்று கேட்கிறோம்.

2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி.யைக் குறைத்துவிட்டோம் என்று ஊரெல்லாம் விளம்பரம் செய்தார்கள். டிராக்டருக்கு 12 சதவீதம் 5 ஆனது. சிமெண்டுக்கு 28 சதவீதம் 18 ஆனது. சந்தோஷம். ஆனால் டிராக்டர் வாங்க வக்கில்லாத அரை ஏக்கர்காரன் வாங்குகிற முள்கம்பியும் கொறடும்? அதே 18. ஒரு பைசா குறையவில்லை.

வியாபாரி கட்டுகிற வரியை அவர் கணக்கில் கழித்துக்கொள்ள வழி இருக்கிறது. விவசாயிக்கு ஜி.எஸ்.டி. நம்பரே கிடையாது. அவன் கட்டிய வரி கட்டியதுதான். திரும்பி வராது. 20,000 ரூபாய்க்குக் கம்பியும் சாமானும் எடுத்தால் 3,600 ரூபாய் வரி. அதை எந்த விளைச்சலில் எடுப்பது?

வேலி இல்லாமல் இருந்தோமே, இப்ப என்னாச்சு?

"எங்க தாத்தா காலத்துல எவன் முள்கம்பி போட்டான்?" என்று சிலர் கேட்கிறார்கள். வாஸ்தவம். அப்போது கள்ளி இருந்தது, நொச்சி இருந்தது, காட்டாமணக்கு இருந்தது. பனை மட்டையும் கருவேல முள்ளும் வைத்துப் படல் கட்டினோம். ஊருக்கு மேய்க்கால் புறம்போக்கு இருந்தது, மாடு அங்கே மேய்ந்தது. பயிரை மேய்ந்த மாட்டைப் பட்டியில் அடைத்தார்கள். 1871ல் வெள்ளைக்காரன் போட்ட கால்நடை அத்துமீறல் சட்டப்படி, பயிரை மேய்ந்த மாட்டைப் பிடித்துப் பட்டிக்கு அனுப்பும் உரிமை பயிர் வைத்தவனுக்கு இருந்தது. உங்க ஊர்ப் பட்டி எங்கே இருந்தது என்று இன்றைக்குப் பெரியவர்களைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்!

இப்போது மாடம்பாக்கம், வேங்கைவாசல், முடிச்சூர், மண்ணிவாக்கம், ஆதனூர் எங்கே வேண்டுமானாலும் போய்ப் பாருங்க. கழனிக்கு மூணு பக்கம் பிளாட். நாலாவது பக்கம் ரோடு. 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி ஆனது. பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, மாடம்பாக்கம், செம்பாக்கம், திருநீர்மலை எல்லாம் அதற்குள்ளே போய்விட்டன. மேய்க்கால் போனது, மாடு போகவில்லை. அது எங்கே போகும்? ராத்திரி ரெண்டு மணிக்கு நம்ம நவரை நாற்றில் வந்து நிற்கிறது. மாட்டுக்காரன் நமக்கு எதிரி இல்லை. அவனுடைய மேய்ச்சலைப் பிடுங்கி, அவனையும் நம்மையும் மோதவிட்டவர்கள்தான் எதிரி.

படல் கட்டலாம் என்றால் பனை இல்லை, முள் வெட்ட ஆள் இல்லை. செடி வேலி வளர வருஷம் ஆகும். அதுவரைக்கும் பயிரை யார் காப்பது? அதனால்தான் கம்பிக்கு வந்தோம். ஆசைப்பட்டு வரவில்லை.

முடிச்சில்தான் வேலி நிற்குது

கம்பி வேலி போட்டவனுக்குத் தெரியும். கால் நட்டு, அஞ்சு வரிசை கம்பி இழுத்துவிட்டால் வேலி ஆகாது. ஆடு தலையை விட்டால் ரெண்டு கம்பியும் விலகிக் கொடுக்கும். மாடு கழுத்தை வைத்து அழுத்தினால் தொங்கிவிடும். அதனால்தான் காலுக்குக் கால் பெருக்கல் குறி மாதிரிக் குறுக்குக் கம்பி இழுக்கிறோம். குறுக்குக் கம்பியும் நேர்க் கம்பியும் வெட்டிக்கொள்கிற ஒவ்வொரு இடத்திலும் கட்டுக்கம்பி போட்டு முறுக்க வேண்டும். அந்த முடிச்சு இருந்தால் எந்தக் கம்பியும் தனியாக நகராது. ஒரு கம்பியை இழுத்தால் எல்லாக் கம்பியும் சேர்ந்து தாங்கும். முடிச்சு இல்லாவிட்டால் அது வேலி இல்லை, துணி காயப்போடுகிற கொடி!

கணக்குப் போட்டுப் பாருங்க. சதுரமான ஒரு ஏக்கருக்குச் சுற்றளவு சுமார் 835 அடி. 8 அடிக்கு ஒரு கால் என்றால் 104 கால். அஞ்சு வரிசை வேலியில் ரெண்டு காலுக்கு நடுவில் 5 முடிச்சு, காலோடு சேர்த்துக் கட்ட 5 முடிச்சு. ஆக 10. மொத்தம் 1,040 முடிச்சு! ஒவ்வொன்றையும் கொறடால் பிடித்து மூணு நாலு சுத்து முறுக்கினால் மணிக்கட்டு வீங்கிவிடும். அதற்காகத்தான் கொக்கி. கட்டடத்தில் கம்பி கட்டுகிறவர்கள் கையில் பார்த்திருப்பீர்கள். அதிலேயே கைப்பிடியை இழுத்தால் தானே சுழலுகிற வகையும் இருக்கிறது. உள்ளே இருக்கிற புரி, கொக்கியைச் சுத்திவிடும். இழுத்தால் ஒரு முடிச்சு, விட்டால் அடுத்த முடிச்சு. நாள் கணக்கில் கூலியும் வலியும் மிச்சம். இந்தச் சின்னச் சாமான் விவசாயக் கருவி இல்லையாம்!

சின்ன விவசாயிக்குத்தான் பெரிய அடி

இதைக் கவனமாகப் படியுங்கள். நாலு ஏக்கர் சதுர நிலத்துக்குச் சுற்றளவு சுமார் 1,670 அடி. ஏக்கருக்கு 417 அடிதான். அரை ஏக்கர் நிலத்துக்குச் சுற்றளவு 590 அடி. ஏக்கர் கணக்கில் பார்த்தால் 1,180 அடி! அதாவது நாலு ஏக்கர்காரன் ஒரு ஏக்கருக்குப் போடுகிற கம்பியைப் போல அரை ஏக்கர்காரன் கிட்டத்தட்ட மூணு மடங்கு போட வேண்டியிருக்கிறது. கம்பி மூணு மடங்கு, முடிச்சு மூணு மடங்கு, வரியும் மூணு மடங்கு! நிலம் சிறுக்கச் சிறுக்க வரி பெருக்கிற அதிசயம் வேறு எதில் உண்டு? பயிரைக் காக்க வேண்டிய அரசாங்கமே இப்படிச் செய்தால், வேலியே பயிரை மேய்ந்த கதை இதுதானே?

இந்தச் செலவு தாங்காமல் என்ன நடக்கிறது? பம்புசெட் லைனிலிருந்து ஒத்தைக் கம்பியில் கரண்ட் விடுகிறார்கள். பன்றிக்கு வைத்தது பக்கத்துக் கழனிக்காரனை எடுக்கிறது. விடியற்காலை தண்ணி பாய்ச்சப் போன சொந்தப் பிள்ளையை எடுக்கிறது. அப்புறம் ஜெயில், கேஸ், ரெண்டு குடும்பம் நடுத்தெருவில். விவசாயிகளே, கைகூப்பிக் கேட்கிறோம்: லைனிலிருந்து நேராகக் கரண்ட் விடாதீர்கள்! அது வேலி இல்லை, கொலைக் கருவி. மின்வேலிக்குப் பதிவும் விதியும் வேண்டும் என்று 2023ல் தமிழக அரசு விதிமுறை கொண்டுவந்தது. சரி. ஆனால் உயிரைக் கொல்லாத சாதாரண முள்கம்பி வேலிக்கு வரி போட்டுவிட்டு, கரண்ட் விடாதே என்று உபதேசம் மட்டும் செய்தால் போதுமா?

"ரியல் எஸ்டேட்காரனுக்கும் லாபம் போகுமே?"

இந்தக் கேள்வியை நம்மவர்களே கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. முள்கம்பிக்கு 1874ல் காப்புரிமை வாங்கிய ஜோசப் கிளிடன் அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்து விவசாயி. மாட்டிடமிருந்து பயிரைக் காக்க வந்த கம்பி அது. ஆனால் பத்தே வருஷத்தில் டெக்சாஸ் மாநிலத்தில் பெரிய பண்ணைக்காரர்கள் அதே கம்பியை வைத்துப் பொது நிலத்தையும் தண்ணியையும் வளைத்தார்கள். 1883ல் வறட்சி வந்தபோது சின்ன ஆட்கள் ராத்திரியில் கம்பியை வெட்டினார்கள். 1884ல் சட்டம் வந்தது. வேலியை வெட்டியவனுக்குப் பெரிய தண்டனை, பொது நிலத்தை வளைத்தவனுக்குச் சின்ன தண்டனை!

ஆகவே கம்பி யார் கையில் என்பதுதான் கேள்வி. ஏரிக்கரை வழியையும் மாட்டுப் பாதையையும் பிளாட்டுக்காக வளைக்கிற வேலிக்குச் சலுகை கேட்கவில்லை. அதைப் பிரித்து எறியச் சொல்கிறோம். தாசில்தார் தருகிற சிறு, குறு விவசாயி சான்று இருக்கிறது. அடங்கலில் பயிர் இருக்கிறது. அதைப் பார்த்துக் கூட்டுறவுச் சங்கத்தில் கம்பி கொடுங்கள். அடங்கலில் கல் நட்ட பிளாட்டுக்காரன் எப்படி வருவான்?

"வரி டெல்லி விஷயம்" என்று இங்கே இருப்பவர்கள் கை காட்ட வேண்டாம். 18ல் பாதி, 9 சதவீதம், மாநிலத்துக்கு வருகிறது. ஜி.எஸ்.டி. கவுன்சிலில் மாநில அமைச்சர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். மாத்த முடியாது என்பதும் பொய். உரத்துக்கு 12 சதவீதம் என்று முடிவு செய்தார்கள். எதிர்ப்பு கிளம்பியது. 2017 ஜூன் 30ல், வரி அமலுக்கு வருவதற்கு முதல் நாள், 5 ஆகக் குறைத்தார்கள். கேட்டால்தான் கிடைக்கும்!

நமது கோரிக்கைகள்:

1. வேலிக் கம்பி, கட்டுக்கம்பி, கம்பி வலை, வேலி கட்டும் கொறடு, கொக்கி அனைத்தையும் விவசாயக் கருவியாக அறிவித்து வரியை நீக்கு!

2. அதுவரை மாநிலத்துக்கு வரும் 9 சதவீதத்தைச் சிறு, குறு விவசாயிக்குக் கூட்டுறவுச் சங்கம் மூலம் திருப்பிக் கொடு!

3. வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டர் வாடகைக்கு விடுவது போல, கம்பி இழுக்கும் கருவி, கொறடு, கொக்கி ஆகியவற்றையும் குறைந்த வாடகைக்குக் கொடு!

4. மீதமிருக்கும் மேய்க்கால் புறம்போக்கை அளந்து கல் நடு! மாட்டுப் பட்டியைத் திற!

அரசாங்கம் செய்கிறவரை நாம் சும்மா இருக்கப் போவதில்லை. ஊருக்கு ஒரு செட் கொறடும் சுழல் கொக்கியும் சங்கமே வாங்கி வைப்போம். நடவுக்கு ஆள் மாத்திக்கொள்வது போல வேலிக்கும் ஆள் மாத்திக்கொள்வோம். ஒட்டியிருக்கிற நாலு கழனிக்கு ஒரே வேலி சுத்தினால் எவ்வளவு கம்பி மிச்சம் என்று மேலே உள்ள கணக்கை வைத்து நீங்களே போட்டுப் பாருங்க. கட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள். கட்டடத்துக்குப் போடுகிற கறுப்புக் கட்டுக்கம்பி மழையில் துருப்பிடித்து அறுந்துவிடும். துத்தநாகப் பூச்சுள்ள ஜி.ஐ. கம்பியைக் கேட்டு வாங்குங்கள். ஒரு சாண் துண்டை ரெண்டாக மடித்து, குறுக்காகச் சுத்தி, மூணு நாலு முறுக்கு. அதுக்கு மேல் முறுக்கினால் கம்பி ஒடியும். முனையை உள்பக்கம் மடக்கிவிடுங்கள், குழந்தைகள் கையைக் கிழிக்காது.

விவசாயிகளே! செங்கல்பட்டானாலும் காஞ்சிபுரமானாலும், மாதந்தோறும் கலெக்டர் ஆபீஸில் நடக்கும் குறைதீர் கூட்டத்துக்கு ஆளுக்கொரு மனுவோடு வாருங்கள். வேலிச் சாமான் வாங்கிய பில்லின் நகலையும் எடுத்து வாருங்கள். இன்னும் பஞ்சாயத்தாக இருக்கிற ஊர்க்காரர்கள் கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். மாநகராட்சிக்குள் போய்விட்ட ஊர்க்காரர்கள், கழனி இருக்கிறவரை நாங்களும் விவசாயிதான் என்று கவுன்சிலரிடம் சொல்லுங்கள்.

தனிக் கம்பியை ஆடு கூட விலக்கிவிடும். முடிச்சுப் போட்ட கம்பியை மாடு முட்டினாலும் அசையாது. நாமும் அப்படித்தான்.

மண்வெட்டிக்கு ஒரு நியாயம், கொறடுக்கு ஒரு நியாயமா?

வேலிக்குப் போட்ட வரியை நீக்கு!

விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!