நடு அலமாரி

மாலை நேரத்துக் கிளை நூலகம். பள்ளிச் சீருடையோடு வந்த பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி, சிறுவர் பகுதியின் தாழ்ந்த அலமாரிகளைக் கடந்து செல்கிறாள். அங்குள்ள படக்கதைகளையும் நீதிக்கதைகளையும் அவள் படித்து முடித்து நெடுநாள் ஆயிற்று. அடுத்த பகுதியில் நெடிய அலமாரிகள் நிற்கின்றன. நாவல், திறனாய்வு, சமயம், சட்டம், சோதிடம் என அனைத்தும் பெரியோர்க்கு உரியவை போலத் தோன்றுகின்றன. அக்கனத்த நூல்களுள் தனக்கானது எது என அவளுக்குத் தெரியவில்லை. கால்மணி நேரம் சுற்றி வந்தபின், தேர்வு வழிகாட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு திரும்புகிறாள். தமிழக நூலகங்களில் இக்காட்சி அரிதன்று.

இளையோரிடம் படிக்கும் வழக்கம் குறைந்துவிட்டது என்னும் பேச்சு ஓயாது ஒலிக்கிறது. பழி கைப்பேசியின்மேல் விழுகிறது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும், நூலகம் வரை நடந்து வந்த ஒருத்தி விரும்பிய நூல் இன்றித் திரும்புவதற்குக் கைப்பேசி எவ்வாறு காரணமாகும்?

நூலகத்தின் ஒழுங்கு, நூலின் பொருளை அடிப்படையாகக் கொண்டது. படிப்பவரின் வயதை அன்று. உலகின் பல நூலகங்கள் பின்பற்றும் டியூயி பதின்மப் பகுப்பில் தமிழ் இலக்கியத்திற்குரிய எண் 894.811. பதினைந்து வயதினர்க்கும் எழுபது வயதினர்க்கும் அதே எண்தான். சிறுவர்க்கு மட்டும் தனியிடம் உண்டு. அவ்விடத்தைக் கடந்தவர், ஒரே நாளில் முழு நூலகத்திற்கும் நடுவே நிறுத்தப்படுகிறார். நீந்தக் கற்றவரைக் கடலில் இறக்கிவிடுவது போன்றது இது.

பிறநாடுகளிலும் இவ்விடைவெளி இருந்தது. அமெரிக்காவில் எஸ். இ. ஹின்டன் என்னும் பள்ளி மாணவி, தம் வயதினரின் வாழ்வை உள்ளபடி பேசும் நூல் கிடைக்காத மனக்குறையால் தாமே நாவல் எழுதத் தொடங்கினார். ‘தி அவுட்சைடர்ஸ்’ என்னும் அந்நாவல் 1967இல் வெளிவந்தது. பதின்பருவத்தினர்க்கான எழுத்து அங்கே தனி வகையாகவே வளர்ந்து, நூலகங்களில் தனி அலமாரியும் பெற்றது. தமிழில் அத்தகைய வகை இன்னும் வலுப்பெறவில்லை. எனவே தமிழில் நூலே இல்லை என்று கருதுவது பிழை. நூல்கள் உள்ளன, அவற்றின் அட்டையில் அப்பெயர் பொறிக்கப்படவில்லை, அவ்வளவே.

உ. வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ என்றதும் தலைப்பாகை அணிந்த முதியவரின் உருவமே மாணவர் மனத்தில் எழும். நூலின் பருமனும் அச்சுறுத்தும். ஆனால் அதன் முற்பகுதியில் வாழ்பவர் ஓர் இளைஞர். தந்தையார் இசைவாணர்; மகனின் நாட்டமோ தமிழில். கற்பிப்பாரைத் தேடிக் குடும்பமே ஊர் ஊராக இடம்பெயர்கிறது. வறுமை ஒருபுறம், தமிழை விடுத்து வேறு மொழி கற்கலாமே என்னும் பிறரின் அறிவுரை மறுபுறம். 1871இல், பதினாறு வயது நிரம்பிய நிலையில், மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை அவர் அடைகிறார். எந்தப் பாடப்பிரிவில் சேர்வது என வீட்டில் வழக்காடிக்கொண்டிருக்கும் மாணவர்க்கு இதனினும் அணுக்கமான வரலாறு வேறில்லை. நூலை முதற்பக்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பதும் இல்லை. ஆசிரியரைத் தேடி அலையும் பகுதியில் நுழைந்தால், பருமன் தானே மறந்துபோகும். இதனைச் சொல்வதற்கு ஒருவர் வேண்டும்.

பூமணியின் ‘வெக்கை’ நாவலின் சிதம்பரம் பதினைந்து வயதினன். தன் அண்ணனைக் கொன்றவனை வீழ்த்திவிட்டுத் தந்தையோடு காட்டில் மறைந்து திரியும் நாள்களே கதை. 1982இல் வெளிவந்த இந்நாவலைத் தழுவி 2019இல் ‘அசுரன்’ திரைப்படம் வந்தது. படத்தைக் கண்டு களித்த மாணவர் பலர் மூலநூலின் பெயரையும் அறியார். திரையரங்கிலிருந்து அலமாரிக்கு வரும் வழி குறுகியது. அதனை எவரேனும் சுட்டிக்காட்டினால் போதும். அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’ நாவலில், ஐதராபாத் சமஸ்தானம் கலவரத்தில் கொதிக்கும் காலத்தில் கல்லூரியும் கிரிக்கெட்டுமாக வாழும் சந்திரசேகரன் வருகிறான். வரலாற்றுப் பாடத்தில் சில வரிகளில் முடிந்துவிடும் நிகழ்வு, அங்கே ஓர் இளைஞனின் தெருவில் நடக்கிறது.

கொலையும் கலவரமும் மாணவர் கையில் எதற்கு என்று வினவும் பெற்றோர் உண்டு. அவ்வச்சம் நியாயமற்றது அன்று. பதின்மூன்று வயதினர்க்கு ஏற்றதும் பதினேழு வயதினர்க்கு ஏற்றதும் ஒன்றல்ல. ஆனால் அச்சத்தின் விளைவாக இளையோர்க்குப் பரிந்துரைக்கப்படுவன பெரும்பாலும் தன்னம்பிக்கை நூல்களும் சான்றோர் வாழ்க்கைச் சுருக்கங்களுமே. அவற்றில் வருவோர் எவரும் தவறு செய்வதில்லை, எவரும் பொறாமைப்படுவதில்லை. அத்தகையோரிடம் பதினைந்து வயதினர் தம்மை எவ்வாறு காண்பர்? திரையில் நாள்தோறும் வன்முறையைக் காண்பவர்க்கு, அதன் வலியை உள்ளிருந்து காட்டும் நூலை மறுப்பது பாதுகாப்பு ஆகாது. ஆன் ஃபிராங்க் தம் நாட்குறிப்பை எழுதியது பதின்மூன்று முதல் பதினைந்து வயது வரை. எழுதுவதற்குப் போதுமான வயது படிப்பதற்குப் போதாதா?

சீர்காழியில் 1892இல் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான சீ. இரா. அரங்கநாதன், 1931இல் நூலகவியலுக்கு ஐந்து விதிகளை வகுத்தார். படிப்பவர் ஒவ்வொருவர்க்கும் உரிய நூல் கிடைக்க வேண்டும் என்பதோடு, ஒவ்வொரு நூலுக்கும் உரிய வாசகர் கிடைக்க வேண்டும் என்பதையும் அவர் வலியுறுத்தினார். இவ்விரண்டாவது கருத்தே பெரும்பாலும் மறக்கப்படுகிறது. ‘என் சரித்திரம்’ அலமாரியில் இருப்பதனால் மட்டும் அதற்குரிய பதினாறு வயது வாசகர் கிடைத்துவிடுவதில்லை.

சிறுவர் பகுதிக்கும் பெரியோர் பகுதிக்கும் இடையே ஓர் அலமாரி போதும். ஐம்பது, அறுபது நூல்கள். அட்டை முகம் தெரியுமாறு அடுக்கப்பட்டவை. மூன்று திங்களுக்கு ஒருமுறை மாற்றப்படுபவை. எவற்றை வைப்பது என்பதற்கு நூலிலேயே சான்று உண்டு. பின்பக்கம் ஒட்டப்பட்ட தேதித்தாளில் முத்திரைகள் நெருங்கிக் கிடக்கும் நூல் பலர் விரும்பியது. முத்திரையே இல்லாத நல்ல நூல் அறிமுகத்திற்குக் காத்திருப்பது. மாணவர் ஒருவர் இரண்டு வரி எழுதி நூலினுள் செருகினால், பெரியோர் பரிந்துரையைவிட அதற்கு மதிப்பு மிகும். பிடிக்காத நூலை இருபது பக்கங்களோடு மூடிவிடும் உரிமையும் அவர்க்கு வேண்டும். எடுத்த நூலை முடித்தே தீரவேண்டும் என்னும் கட்டாயம், அடுத்த நூலை எடுக்கவிடாமல் செய்துவிடும்.

போட்டித் தேர்வுக்குப் படிப்போர் இன்று நூலகங்களை நிறைக்கின்றனர். அரசுப்பணி ஒன்றால் ஒரு குடும்பமே தலைநிமிரும் நாட்டில் அதனைக் குறைகூறுவது பொருந்தாது. ஆயினும் 1948ஆம் ஆண்டுச் சென்னைப் பொது நூலகச் சட்டத்தின் வழியே சொத்துவரியோடு நூலகவரியும் செலுத்தும் இல்லங்களில், தேர்வுக்கு அப்பாலும் படிக்க விரும்பும் பதின்பருவத்தினரும் வாழ்கின்றனர்.

தேர்வு வழிகாட்டியைத் திருப்பிக் கொடுக்க அம்மாணவி இரு வாரங்களில் மீண்டும் வருவாள். மேசைக்கு அப்பால் இருப்பவர், முத்திரையிடும் முன், அவள் கடைசியாக விரும்பிப் படித்த நூல் எது என்று கேட்கலாம்.