மூன்றே நாளில் போய்விடும் வலி

ஒரு சிறுவன் காய்ச்சலோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருகிறான். தொட்டாலே அலறுகிறான். குடல்வால் அழற்சி என்று அறுக்கிறார்கள். எடுத்த குடல்வாலிலோ ஒரு கோளாறும் இல்லை. மூன்றாம் நாள் வலி தானாகப் போய்விடுகிறது. சில வாரம் கழித்து மறுபடி அதே வலி. இப்போது அறுக்க எதுவும் மிச்சமில்லை, ஆகவே பையன் நடிக்கிறான் என்று முடிவு கட்டுகிறார்கள்!

துருக்கியர், ஆர்மீனியர், அரபியர், யூதர் இடையே அதிகம் காணப்படும் 'குடும்ப மத்தியதரைக் கடல் காய்ச்சல்' உள்ள பலருடைய கதை இதுதான். முதல் தடவை அறுத்தவரைக் குறை சொல்ல முடியாது. உண்மையான குடல்வால் அழற்சியாக இருந்தால் காத்திருப்பது ஆபத்து. ஆனால் நான்காம், ஐந்தாம் தடவையும் யோசிக்காதவரை என்ன சொல்வது?

1945-ல் அமெரிக்க மருத்துவர் சீகல் இதை விவரித்தபோது 'தீங்கற்ற' என்ற அடைமொழியோடு பெயர் வைத்தார். நல்ல தீங்கற்றது போங்கள்! சிகிச்சை இல்லாவிட்டால் அமிலாய்டு என்ற புரதம் சிறுநீரகத்தில் படிந்து அதைச் செயலிழக்கவே வைத்துவிடும்.

மருந்து இல்லையா என்றால், இருக்கிறது. கௌட் மூட்டுவலிக்குக் கொடுத்துவந்த பழைய கோல்ச்சிசின் இதற்கும் கேட்கிறது என்று 1972-லேயே கோல்ட்ஃபிங்கர் எழுதிவிட்டார். தினமும் சாப்பிட்டால் பெரும்பாலோருக்கு வலி வருவது குறையும், சிறுநீரகமும் தப்பும். (நம்மூர் செங்காந்தள் கிழங்கில் இருப்பதும் இதே கோல்ச்சிசின்தான். அதற்காக யாரும் கிழங்கைத் தின்று பார்க்க வேண்டாம், ஆளைக் கொல்லும் விஷம்.)

1997-ல் மரபணுவையும் கண்டுபிடித்தாகிவிட்டது. அதிலிருந்து ஒரு புதுச் சாக்கு: "மரபணுச் சோதனையில் ஒன்றும் தெளிவாக இல்லை, அதனால் இந்த நோய் இல்லை." இரண்டு பழுதுகளுக்குப் பதில் ஒன்று மட்டுமே அகப்படும் நோயாளிகளும் இருக்கிறார்களே! "அப்பா அம்மாவுக்கு இல்லையே" என்பதும் செல்லாது. ஆளுக்கொரு பழுதான பிரதியைச் சுமக்கும் பெற்றோர் பொதுவாக ஆரோக்கியமாகவே இருப்பார்கள்.

எல்லாவற்றிலும் பெரிய கூத்து ரத்தப் பரிசோதனை. வலி விட்ட பிறகு, பையன் ஓடியாடி விளையாடும் நாளில் ரத்தம் எடுத்து "எல்லாம் நார்மல்" என்று எழுதுகிறார்கள். வலி இருக்கும்போதே எடுத்தால் ஈ.எஸ்.ஆரும் சி.ஆர்.பி.யும் ஏறியிருப்பது தெரியும். கூடவே சிறுநீரில் புரதம் போகிறதா என்றும் பார்க்கலாம், அதற்குப் பெரிய செலவும் கிடையாது. எத்தனை நாள் வலித்தது, நெஞ்சு வலித்ததா, கணுக்கால் வீங்கியதா, கூடப்பிறந்தவர்களுக்கும் இப்படி வருகிறதா என்று கேட்க அந்தச் செலவுகூட இல்லை.