‘பிற சாலைகள்’ என்றொரு பத்தி

‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து…’ விபத்து வழக்குகளின் முதல் தகவல் அறிக்கைகளைப் புரட்டிப் பழகியவர்களுக்கு இந்த வரி மனப்பாடம். எழுதும் காவலரைக் குறை சொல்வதற்கில்லை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 281ஆம் பிரிவிலோ 106ஆம் பிரிவிலோ வழக்குப் பதிய வேண்டுமானால், ஒருவருடைய கவனக்குறைவை எழுதித்தான் ஆக வேண்டும். வழக்கு நகர அந்த வரி போதும். அடுத்த விபத்தைத் தடுக்க வேண்டிய சாலைப் பொறியாளருக்கோ அதனால் ஒரு பயனும் இல்லை.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கை, உயிரிழப்புகளில் 71.2 சதவீதத்தை அதிவேகத்தின் கணக்கில் வைக்கிறது. வேகம் உயிர் பறிக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் இத்தனை விபத்துகளில் எத்தனைக்கு வேகம் அளக்கப்பட்டது? அளக்காமல் நிரப்பிய காரணம், வழக்கின் மொழியைத்தான் திருப்பிச் சொல்லும். சாலையைப் பற்றிப் பேசாது.

அதே அறிக்கையில் நாம் அதிகம் பேசாத அட்டவணை ஒன்று உண்டு. அந்த ஆண்டு நாடு முழுவதும் இறந்தவர்கள் 1,68,491 பேர். தேசிய நெடுஞ்சாலைகளில் 61,038. மாநில நெடுஞ்சாலைகளில் 41,012. மீதி 66,441 பேர் ‘பிற சாலைகள்’ என்ற பத்தியில் இருக்கிறார்கள். மாவட்டச் சாலை, ஊராட்சி ஒன்றியச் சாலை, நகராட்சித் தெரு எல்லாம் அதற்குள்தான். மூன்றில் பெரிய எண்ணுக்குத்தான் சரியான பெயர்கூட இல்லை.

பெயர் மட்டுமா, முறையும் இல்லை. நம் கையில் இருக்கும் முதன்மையான கருவி ‘கரும்புள்ளி’. ஏறத்தாழ 500 மீட்டர் நீளத்துக்குள், மூன்று ஆண்டுகளில் உயிரிழப்போ கொடுங்காயமோ நேர்ந்த ஐந்து விபத்துகள், அல்லது பத்து உயிரிழப்புகள் என்ற அளவுகோல் தேசிய நெடுஞ்சாலைக்காக வகுக்கப்பட்டது. அங்கே அது பயன்படவும் செய்கிறது. இரண்டு ஊர்களை இணைக்கும் 12 கிலோமீட்டர் ஒன்றியச் சாலையை எடுத்துக்கொள்வோம். மூன்று ஆண்டுகளில் நான்கு சாவு, நான்கும் வெவ்வேறு இடத்தில். கரும்புள்ளிக் கணக்கில் அந்தச் சாலை சுத்தம்! நான்கு கோப்புகளையும் அருகருகே விரித்துப் பார்த்தால்தான், நான்குமே இருட்டிய பிறகு, ஏதோ ஒரு வளைவை மறைத்த கருவேலம் புதரை ஒட்டி, இருசக்கர வாகனத்தில் வந்தவருக்கு நேர்ந்தவை என்பது தெரியவரும்.

ஆகவே உள்ளூர்ச் சாலையில் ‘எங்கே குவிந்தது’ என்பதைவிட ‘எப்படிப்பட்ட விபத்து’ என்ற கேள்விக்கே பலன் அதிகம். 2022இல் இறந்தவர்களில் 44.5 சதவீதம் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள், 19.5 சதவீதம் நடந்து சென்றவர்கள். புதரை வெட்டுவது, சிறுபாலத்தின் கைப்பிடிச் சுவரில் ஒளிரும் பட்டை ஒட்டுவது, வளைவில் இருக்கும் பேருந்து நிறுத்தத்தைத் தள்ளி வைப்பது போன்றவற்றுக்குப் பெரிய மதிப்பீடு தேவையில்லை. ஒரே வகை விபத்து என்று தெரிந்துவிட்டால், ஒரு புள்ளியோடு நிற்காமல் சாலை நெடுகச் செய்துவிடலாம்.

இதற்குச் சிறு விபத்துகளும் கணக்கில் வர வேண்டும். 2022இல் தமிழ்நாடு 64,105 விபத்துகளுடன் எண்ணிக்கையில் முதலிடம், உயிரிழப்பு 17,884. கேரளத்தில் 43,910 விபத்துக்கு 4,317 சாவு. உத்தரப் பிரதேசத்தில் 41,746 விபத்துக்கு 22,595. ஒரு மாநிலத்தில் பத்து விபத்துக்கு ஒரு சாவு, இன்னொன்றில் இரண்டுக்கு ஒன்றுக்கும் மேல். சாலையும் வாகனமும் வேறுபடலாம். இத்தனை பெரிய இடைவெளிக்கு அது மட்டும் காரணமாக முடியாது. காயத்தோடு முடிந்த விபத்துகள் எங்கே எவ்வளவு பதிவாகின்றன என்பதும் இதில் இருக்கிறது. எனவே விபத்து எண்ணிக்கையில் முதலிடம் என்பதற்காக வெட்கப்பட்டு, பதிவைக் குறைத்துக் காட்டும் வேலையில் யாரும் இறங்க வேண்டாம். பதிவாகாத கால்முறிவு, அடுத்த ஆண்டின் சாவுக்கு வந்த முன்னறிவிப்பாக இருக்கலாம். காவல் நிலையத்தில் சமரசமாகிப் போனவை 108 ஆம்புலன்ஸ் அழைப்புகளிலும் அரசு மருத்துவமனையின் ஏ.ஆர். எனும் விபத்துப் பதிவேட்டிலும் கிடைக்கும். பெயர்களை நீக்கிவிட்டு, இடத்தையும் நேரத்தையும் மட்டும் வாங்கினால் போதும்.

சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய ‘ஐராட்’ என்ற விபத்துத் தரவுத்தளம் 2021இல் முதலில் தொடங்கப்பட்ட ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. காவல், போக்குவரத்து, நெடுஞ்சாலை, மருத்துவம் ஆகிய துறைகள் ஒரே பதிவில் சேர்ந்து எழுத அது வழி செய்திருக்கிறது. ஆனால் விபத்து நடந்த இடத்தில் கைபேசியை எடுக்காமல், நிலையத்துக்குத் திரும்பி வந்து படிவத்தை நிரப்பினால் வரைபடத்தில் புள்ளி நிலையத்தின் மீதே விழும். சாலை பற்றிய பகுதியைப் பொறியாளர் நாற்காலியில் இருந்தபடியே ‘நல்ல நிலை’ என்று முடித்தால், மென்பொருள் என்ன செய்யும்?

இன்னொரு எச்சரிக்கை நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டியது. ஓராண்டில் விபத்து கூடிய இடத்தில் வேகத்தடை போடுகிறோம். மறு ஆண்டு குறைகிறது. வெற்றி என்று எழுதுகிறோம். வழக்கத்துக்கு மேல் ஏறிய எண், ஒன்றும் செய்யாவிட்டாலும் இறங்கக்கூடியதே. முன் மூன்று ஆண்டு, பின் மூன்று ஆண்டு, கைவைக்காத அதே மாதிரியான சாலை ஒன்று. இந்த மூன்றையும் ஒப்பிடாமல் பலனைப் பேச வேண்டாம்.

ஆட்சியர் தலைமையிலான மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவில், சென்ற ஆண்டின் இதே மாதத்தோடு ஒப்பிட்ட மொத்த எண்ணைப் படித்துவிட்டு எழுந்துவிடுவது எளிது. அடுத்த கூட்டத்துக்கு ஒரு தாள் கூடுதலாகக் கொண்டு செல்லுங்கள். ‘பிற சாலைகள்’ பத்தியில் விழுந்த ஒவ்வொரு சாவுக்கும் ஒரு வரி: சாலையின் பெயர், கிலோமீட்டர், நேரம், விபத்தின் வகை, பராமரிப்பவர் ஒன்றியமா நகராட்சியா, என்ன செய்யப்பட்டது. வடிவமைப்பிலும் பராமரிப்பிலும் தரம் தவறினால் பொறுப்பேற்க வேண்டும் என்று 2019 திருத்தத்தில் வந்த மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவு சொல்கிறது. அந்தப் பிரிவை யாராவது நினைவூட்டும் வரை கடைசிக் கட்டம் காலியாகக் கிடக்க வேண்டியதில்லை.