காடு இங்கே! கையெழுத்து எங்கே?

தோழா!

ஆனைமலைக்குச் சென்றிருப்பாய். பொள்ளாச்சியைக் கடந்து, சேத்துமடை வழியே மலையேறினால் டாப்சிலிப். அந்தப் பெயரே ஒரு கொள்ளையின் சாட்சி! வெட்டிய தேக்கு மரங்களை வெள்ளையன் மலை முகட்டிலிருந்து சரிவில் உருட்டிவிட்ட இடம் அது. கப்பல் கட்டத் தேக்கு போயிற்று. இரயில் பாதைக்குக் கட்டையாகப் போயிற்று. மரம் சரிந்தது, மலை மொட்டையாயிற்று. "அனுமதிச் சீட்டு எங்கே?" என்று அன்று அவனை மறித்துக் கேட்டவர் எவருமில்லை.

இன்று கேட்கிறார்கள்! காட்டை மொட்டையடித்தவனை அல்ல. வீணைக்குப் பிரடை கடைந்தவனை!

வேடிக்கை பேசுகிறேன் என்று எண்ணிவிடாதே. வேதனையைத்தான் சொல்கிறேன்.

அழியும் நிலையிலுள்ள உயிரினங்களை நாடு விட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்த 1973இல் வாஷிங்டனில் ஓர் உடன்படிக்கை உருவாயிற்று. சைட்டீஸ் என்பது அதன் சுருக்கப் பெயர். நல்ல நோக்கம், நாம் அதை எதிர்க்கவில்லை. காட்டை அழிப்பவனுக்கு வக்காலத்து வாங்குவது நம் வேலையல்ல. 2016இல் ஜோகன்னஸ்பர்க்கில் கூடிய மாநாடு, ஈட்டி மரத்தின் பேரினம் முழுவதையும் பட்டியலில் சேர்த்தது. 2017 ஜனவரி 2 முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஆனைமலையிலும் நீலகிரியிலும் வளரும் ஈட்டி, தோதகத்தி என்று நம் முன்னோர் அழைத்த மரம், விற்பனைக்காகக் கடல் கடக்க வேண்டுமானால் அனுமதி வேண்டும், அல்லது அதற்கு ஈடான சான்று வேண்டும் என்றாயிற்று. சீனத்துச் செல்வர் மாளிகைகளுக்கு மேசையும் நாற்காலியும் செய்யக் காடுகள் காலியாவதைக் கண்டு போட்ட பூட்டு அது. பூட்டு சரி. ஆனால் உள்ளே அகப்பட்டவர் யார்?

நாடகம் எழுதுபவன் நான், காட்சியாகவே காட்டுகிறேன். கற்பனைதான். ஆனால் நடக்க முடியாத கற்பனையல்ல.

ஆண்டு 2018. கோவையில் ஒரு பட்டறை. பலாவில் குடமும் தண்டியும், ஈட்டியில் பிரடையும் அமைந்த வீணை ஒன்று சிங்கப்பூர் இசைப்பள்ளிக்குப் போகக் காத்திருக்கிறது. தச்சர் நிற்கிறார், அதிகாரி அமர்ந்திருக்கிறார்.

"என்ன மரம்?"

"பிரடை மட்டும் ஈட்டிங்க."

"விஞ்ஞானப் பெயர்?"

"எங்கய்யன் ஈட்டின்னுதானுங்க சொல்லிக் குடுத்தாரு."

"எந்தக் காட்டில் வெட்டியது?"

"காடு இல்லீங்க. இடிச்ச வீட்டு உத்தரமுங்க."

"வாங்கியதற்கு ரசீது?"

"வீட்டைக் கட்டினவரு செத்தே அறுபது வருசமாச்சுங்களே!"

திரை! சிரித்துவிட்டாயா தோழா? திரைக்குப் பின்னே அந்தத் தச்சர் சிரிக்கவில்லை. சுண்டு விரல் பருமனுள்ள மரத்துண்டுக்காக முழு வீணையும் மூலையில் கிடக்கிறது!

கிதார் செய்யும் பெருநிறுவனங்களும் மேலைநாட்டு இசைக்குழுக்களும் இதே தொல்லைக்கு ஆளாயின. அவர்கள் ஓங்கிக் குரல் கொடுத்தார்கள். 2019இல் ஜெனீவாவில் கூடிய மாநாடு, செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்களித்தது. நம் வீணைக்கும் அந்த விலக்கு கிடைத்தது, மறுக்கவில்லை. ஆனால் அதே பேரினத்தைச் சேர்ந்த சீசம் மரத்தில் கைவினைப் பொருள் செய்யும் ஏழையின் நிலை என்ன? ஆண்டுக்கு 1,000 கோடி ரூபாயாக இருந்த ஏற்றுமதி 500, 600 கோடியாகச் சரிந்தது. ஏறத்தாழ 50,000 கைவினைஞர் வாழ்வு பாதிக்கப்பட்டது. நான் கட்டிய கணக்கல்ல இது. ஒன்றிய அரசே சொன்ன கணக்கு. 10 கிலோவுக்குக் குறைந்த ஒவ்வொரு பொருளும் அனுமதியின்றிப் போகலாம் என்ற தெளிவு அவர்களுக்குப் பிறந்தது 2022இல், பனாமா மாநாட்டில்! குரல் உள்ளவனுக்கு மூன்றாண்டில் விடுதலை. குரல் இல்லாதவனுக்கு ஆறாண்டு!

"விலக்குத்தான் வந்துவிட்டதே, இன்னும் என்ன புலம்பல்?" என்று கேட்பார்கள். விலக்கு வேறு, உரிமை வேறு. ஒரு மாநாடு கொடுத்ததை மறு மாநாடு எடுத்துக்கொள்ளலாம். விலக்கில் அடங்காத மரத்துக்கும் பொருளுக்கும் இன்றும் கையெழுத்து வேண்டும். அந்தக் கையெழுத்து யாருடையது? 2022இல் திருத்திய வனஉயிரினச் சட்டத்தின்படி, அனுமதி வழங்கும் மேலாண்மை அதிகாரியை நியமிப்பது ஒன்றிய அரசு. காடு ஆனைமலையில், கை கோவையில், கையெழுத்து மட்டும் டில்லியில்!

டில்லி எழுதும் விதிகளின் தெளிவைக் கேள். 2011இல் அமெரிக்காவின் கிப்சன் கிதார் நிறுவனத்தில் அந்நாட்டு அதிகாரிகள் புகுந்து, இந்தியாவிலிருந்து போன ஈட்டியையும் கருங்காலியையும் கைப்பற்றினார்கள். 2012இல் வழக்கு சமரசமாயிற்று. மடகாஸ்கர் கருங்காலிக்காக 3 லட்சம் டாலர் தண்டம் கட்டியது நிறுவனம். இந்திய மரம்? அதைப் பற்றிய இந்திய ஏற்றுமதி விதியிலேயே குழப்பம் இருக்கிறது. இந்தியா தெளிவுபடுத்தும் வரை நடவடிக்கை இல்லை என்று ஒப்புக்கொண்டது அமெரிக்க அரசு! டில்லி எழுதியது வாஷிங்டனுக்கே விளங்கவில்லை. பேரூர்த் தச்சருக்கு விளங்குமா?

இந்தக் கையெழுத்து எப்போது பறிபோயிற்று? 1976ஐ மறந்துவிடாதே. அவ்வாண்டு ஜனவரி 31இல் தமிழக மக்கள் தேர்ந்தெடுத்த ஆட்சி கலைக்கப்பட்டது. ஜூலையில் இந்தியா சைட்டீஸ் உடன்படிக்கைக்கு ஒப்புதல் தந்தது. அவ்வாண்டே நெருக்கடி நிலையின் நிழலில் நிறைவேறிய 42ஆவது திருத்தம், மாநிலப் பட்டியலிலிருந்த காட்டைப் பொதுப் பட்டியலுக்குப் பெயர்த்துச் சென்றது. காட்டின் சொந்தக்காரன் வாய் கட்டப்பட்டிருந்தபோது பட்டா மாற்றப்பட்டது!

"உலக உடன்படிக்கை அய்யா! மத்தியில்தான் அதிகாரம் இருக்க முடியும்!" என்பர் டில்லியின் வழக்கறிஞர்கள். உடன்படிக்கையைப் படித்தார்களா? ஒரு நாடு ஒன்றோ பலவோ மேலாண்மை அமைப்புகளை அமைக்கலாம் என்கிறது அதன் 9ஆம் பிரிவு. கனடாவிலே மாகாண அலுவலகங்களும் ஏற்றுமதி அனுமதி தருகின்றன. கனடா சிதறியா போயிற்று?

"மாநிலத்திடம் விட்டால் மரம் மிஞ்சாது" என்பது அடுத்த வாதம். உலகம் ஈட்டியைப் பட்டியலிட்டது 2017இல். தனியார் நிலத்து ஈட்டியையும் வெட்டாமல் காக்கத் தமிழ்நாடு சட்டம் இயற்றியது 1994இல்! யார் யாருக்குப் பாடம் சொல்வது?

டில்லியின் பூட்டு காத்த இலட்சணத்தையும் பார். செம்மரம் 1995 முதல் சைட்டீஸ் பட்டியலில் இருக்கிறது. ஜப்பானியரின் ஷாமிசென் என்னும் நரம்பிசைக் கருவிக்குக் கழுத்தாக அமைவது நம் கிழக்கு மலைச் செம்மரம். பூட்டிய பின்னும் மரம் கள்ளத்தனமாகப் போயிற்று. 2015 ஏப்ரல் 7இல் சேஷாசலக் காட்டில் ஆந்திரக் காவல்படையின் குண்டுக்கு 20 தமிழர் பிணமாயினர். திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டங்களின் கூலிகள், மலைவாழ் மக்கள். அவர்களை அனுப்பிய முதலாளி அந்தப் பிணக்குவியலில் இல்லை! சீட்டில்லாத மரம் கடல் தாண்டிற்று. சோறில்லாத மனிதன் காட்டிலே சாய்ந்தான்!

ஆகவே தோழா, நம் கோரிக்கை தெளிவானது. காடு மீண்டும் மாநிலப் பட்டியலுக்கு வர வேண்டும். அதுவரை, அனுமதி வழங்கும் அமைப்பு ஒன்று தமிழ்நாட்டுக்கென அமைய வேண்டும். அதன் அலுவலகம் கோவையில் திறக்கப்பட வேண்டும். தகுதி இல்லையா இந்த ஊருக்கு? 1902இல் பிறந்த காஸ் வன அருங்காட்சியகம் இங்கே. 1912இல் தொடங்கிய வனக் கல்லூரி இங்கே. 1988இல் அமைந்த வன மரபியல் நிறுவனம் இங்கே. மரத்துண்டைக் கையில் எடுத்து, இன்ன மரம் என்று சொல்லவல்லோர் இங்கே. பழைய வீட்டு உத்தரத்தையும் பச்சை மரத்தையும் பார்த்துப் பிரித்தறிய டில்லிக்கா ஓட வேண்டும்?

இதைக் கிளைக் கூட்டத்தில் பேசு. தச்சுப் பட்டறைக்குச் சென்று சொல். கிதாருக்கு உலகமே பேசிற்று. வீணைக்கும் வெட்டுக்கூலிக்கும் நாம் பேசாவிட்டால் யார் பேசுவார்?

மலையிலிருந்து மரத்தை உருட்டியவன் போய்விட்டான். மாநிலத்தின் உரிமையை உருட்டியவர்களை விட்டுவிடலாமா?