குடிக்கவே தண்ணி இல்ல, படகு எதுக்கு?

பிளேஸ்மென்ட் ஆப்டிட்யூட் மாதிரி ஒரு பொது அறிவுக் கேள்வியோட ஆரம்பிக்கலாம். இந்தியாவில் சட்டப்படி அறிவிக்கப்பட்ட தேசிய நீர்வழிகள் எத்தனை? 111. ஏற்கனவே இருந்த 5-ஓட, 2016-ல் வந்த சட்டம் இன்னும் 106-ஐச் சேர்த்தது. அந்தப் பட்டியலில் 107-வது எது தெரியுமா? வைகை. ஆமா மக்களே, மதுரையில் பாலத்து மேல பஸ் போகும்போது கீழே மாடு மேயுமே, அதே வைகைதான். வைகைத் தண்ணியில மிதந்ததுன்னு சொன்னா நம்ம பேட்ச்சுக்கு ஞாபகம் வருவது 2017-ல் அணையில் விட்ட தெர்மாகோல்தான். அதுவும் கொஞ்ச நேரத்தில் கரை ஒதுங்கிடுச்சு.

சிரிச்சாச்சா? இப்ப விஷயத்துக்கு வருவோம். அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்து வீட்டில் போய், "லீவுக்குப் படகுல சுத்தப் போறேன், அதுவும் தனியா" என்று சொல்லிப் பாருங்க. முதல் கேள்வி இந்தக் கட்டுரையின் தலைப்பாத்தான் இருக்கும். கேட்பவர்கள் மேல் தப்பு இல்லை. எங்க சீமையில் தண்ணி என்றால் குடம், லாரி, போர்வெல் ஆழம், மழை வந்ததா இல்லையா என்ற பேச்சு. அது ஒரு கவலை. கவலையைப் பார்க்க யாராவது காசு செலவு பண்ணி டூர் போவாங்களா?

போகணும் என்பதுதான் என் கருத்து. தண்ணி இல்லாத ஊர்க்காரன்தான் முதலில் போகணும். முடிந்தால் தனியா, அதுவும் ஐப்பசியில். காரணம் ரொம்ப எளிது. எந்தத் தண்ணியில் ஒருத்தர் பயணம் போயிருக்கிறாரோ, அந்தத் தண்ணிக்காகத்தான் அவர் வாய் திறப்பார். போகாத தண்ணிக்கு யாரும் சண்டை போட மாட்டாங்க.

இதற்கு நல்ல உதாரணம் இங்கிலாந்தில் இருக்கு. எல்.டி.சி. ரோல்ட் என்று ஒருத்தர். நம்ம ஆள்தான், மெக்கானிக்கல் இன்ஜினியர். 1939-ல் மனைவியோட 'கிரெஸ்ஸி' என்ற பழைய படகில் உள்நாட்டுக் கால்வாய்களைச் சுற்றக் கிளம்பினார். ரயிலும் லாரியும் வந்த பிறகு அந்தக் கால்வாய்கள் பல கவனிப்பாரில்லாமல் கிடந்த காலம் அது. அந்தப் பயணத்தை 1944-ல் 'நேரோ போட்' என்ற புத்தகமாகப் போட்டார். அதைப் படித்தவர்கள் அவரைத் தேடி வந்தார்கள், 1946-ல் உள்நாட்டு நீர்வழிகளுக்கென்று ஒரு சங்கம் உருவானது. கால்வாயை மூடாதே, மதகைச் சரிசெய் என்று அந்தச் சங்கம் பல வருஷம் போராடியது. இன்றைக்கு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 3,200 கிலோமீட்டர் நீர்வழியை ஒரு அறக்கட்டளை பராமரிக்கிறது. அங்கே சொந்தப் படகு வைத்திருக்கும் சிலர் இலை உதிரும் காலத்தில் தனி ஆளாகக் கிளம்பி, நடக்கிற வேகத்தில் படகை ஓட்டி, வழியில் வரும் மதகைத் தாங்களே திறந்து மூடி, நாள்கணக்கில் போகிறார்கள். இவ்வளவுக்கும் ஆரம்பம் ஒரு லீவுப் பயணம்.

இதற்கு நேர் எதிர் உதாரணம் சென்னையில் இருக்கு. பக்கிங்காம் கால்வாய் 1806-ல் தொடங்கியது. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் கூலிக்கு வந்த மக்களை வைத்து அதை இன்னும் வெட்டி இணைத்தார்கள். ஆந்திரக் கரையிலிருந்து மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர். உப்பு, விறகு, நெல் எல்லாம் அதில் படகில் வந்தது. பாரதிதாசன் அந்தக் கால்வாயில் படகேறி மாமல்லபுரம் போன அனுபவத்தை 'மாவலிபுரச் செலவு' என்று கவிதையாகவே எழுதியிருக்கிறார். அப்புறம் லாரி வந்தது, புயல் அடித்தது, படகுகள் நின்றன. படகு நின்ற பிறகு அந்தத் தண்ணியைத் தினமும் பார்க்க ஆள் இல்லை. பார்க்க ஆள் இல்லாத தண்ணி சாக்கடை ஆச்சு. சாக்கடைக்காக யார் சண்டை போடுவா? கால்வாய்க்குள்ளேயே தூண் நட்டு மேலே பறக்கும் ரயில் ஓடுது. காகிதத்தில் அது இன்னமும் தேசிய நீர்வழி எண் 4-இன் ஒரு பகுதி.

சரி, நமக்கு இங்கிலாந்து விசா எல்லாம் வேண்டாம். விருதுநகரில் ரயில் ஏறி, செங்கோட்டை வழியா மலை இறங்கினால் கொல்லம். கொல்லத்திலிருந்து வடக்கே போகும் மேற்குக் கடற்கரைக் கால்வாய் 1993-லேயே தேசிய நீர்வழி எண் 3 என்று அறிவிக்கப்பட்டது. வைகை மாதிரி இல்லை, இதில் நிஜமாவே படகு ஓடுது.

ஆலப்புழா என்றதும் எல்லாருக்கும் ஹவுஸ்போட் ஞாபகம் வரும். நெல் ஏற்றிய பழைய கெட்டுவள்ளத்தில் ஏசி ரூம் கட்டியது அது. ஒரு ராத்திரிக்கு ஆயிரக்கணக்கில் போகும். சமைக்க ஆள், ஓட்ட ஆள், ஸ்பீக்கரில் பாட்டு. லாட்ஜ் ரூம் மிதந்தால் எப்படி இருக்குமோ அப்படித்தான். தனியாப் போறவங்களுக்கு அது சரிவராது. நான் போன தீபாவளி லீவில் போனது கேரள அரசின் நீர்ப் போக்குவரத்துத் துறை படகில். நம்ம டவுன் பஸ் மாதிரி. ஆலப்புழா ஜெட்டியில் ஏறினால் நெடுமுடி, காவாலம் என்று நிறுத்தி நிறுத்திப் போகும். முன்னால் ஒருவர் சக்கரத்தைப் பிடித்திருப்பார். அவர் கயிற்றை இழுத்தால் மணி அடிக்கும், மணியைக் கேட்டு எஞ்சின் பக்கம் இருப்பவர் வேகத்தைக் குறைப்பார். ஸ்கூல் பிள்ளைகள், ரேஷன் பையோட அக்காக்கள், ஆஸ்பத்திரிக்குப் போற தாத்தா என்று ஜெட்டிக்கு ஜெட்டி ஏறி இறங்குவாங்க. வைக்கம்–தவணக்கடவு வழியில் 2017 முதல் ஓடும் 'ஆதித்யா'வும் இந்தத் துறையோடதுதான். இந்தியாவின் முதல் சோலார் பயணிகள் படகு, 75 பேர் போகலாம். டிரிபிள்இ நண்பர்கள் அதற்காகவே ஒருதடவை போகலாம்.

தனியாப் போனதில் ஒரு லாபம் இருக்கு. கேங்கோட போனா கேங்கைத்தான் பார்ப்போம். தனியாப் போனா தண்ணியைப் பார்ப்போம். குட்டநாட்டில் வயல் கடல் மட்டத்துக்கும் கீழே இருக்கும் என்று படித்திருப்போம். படகில் உட்கார்ந்து பார்த்தால்தான் அது உறைக்குது. நாம போற தண்ணி மேலே இருக்கு, கரைக்கு அந்தப் பக்கம் நெல் வயல் பள்ளத்தில் இருக்கு. கொஞ்ச நேரம் பார்த்ததும் இந்தக் காட்சி புதுசே இல்லை என்று தோணுச்சு. எங்க ஊர்க் கண்மாய்க் கரையில் நின்றாலும் இதேதான். ஒரு பக்கம் தண்ணி உயரத்தில், மறுபக்கம் வயல் பள்ளத்தில். அவங்க வயலில் இருக்கும் தண்ணியைப் பம்பு வைத்து வெளியே தள்ளுறாங்க. நாம மடையைத் திறந்து கண்மாய்த் தண்ணியை வயலுக்கு விடுறோம். கரை கட்டுவதன் கணக்கு ரெண்டு ஊருக்கும் ஒன்றுதான், பயம்தான் வேற. அவங்களுக்குத் தண்ணி உள்ளே வந்துடுமோன்னு பயம், நமக்கு வராமலே போயிடுமோன்னு பயம்.

எங்க சீமையிலும் நீர்வழி இருக்கு என்பது அங்கே வைத்துத்தான் எனக்குப் புரிந்தது. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரி, கண்மாய்கள் உண்டு. நம்ம பக்கம் இவை தனித்தனிக் குளம் இல்லை. ஒரு கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால் அந்தத் தண்ணி வரத்துக்கால் வழியா அடுத்த கண்மாய்க்குப் போகும், அதுவும் நிறைந்தால் அதற்கு அடுத்தது. கடைசியில் மிச்சம் குண்டாற்றில் சேரும். திருச்சுழி வழியா ஓடும் குண்டாறு மன்னார் வளைகுடாவில் முடியுது. படகு போகாது, ஆனா தண்ணி போற பாதை முழுசா வரைபடம் மாதிரி போட்டு வைத்திருக்காங்க. எந்தக் கண்மாய் மறுகால் எங்கே போகும் என்று எங்க தாத்தா தலைமுறையில் பலருக்கு மனப்பாடம். நமக்கு பைபாஸில் எந்த பேக்கரி எங்கே என்றுதான் தெரியும். அந்தப் பாதையில் நடக்க ஆள் இல்லாததால் அங்கே சீமைக்கருவேலம் நடக்குது.

இதற்கு வரும் எதிர்ப்பேச்சும் நியாயமானதுதான். முதல் விஷயம் பாதுகாப்பு. 2009 செப்டம்பர் 30-ல் தேக்கடியில் இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தாங்க. 2023 மே 7-ல் தானூரில் 22 பேர். ரெண்டும் சுற்றுலாப் படகுதான். இதில் இருக்கும் இன்ஜினியரிங் நமக்குத் தெரியணும். ஆட்கள் மேல் தளத்துக்கு ஏற ஏற படகின் புவியீர்ப்பு மையம் மேலே போகும், மெட்டாசென்டருக்கும் அதற்கும் இருக்கும் இடைவெளி குறையும். அந்த நிலையில் எல்லாரும் போட்டோ எடுக்க ஒரே பக்கம் ஓடினால் படகு சாயும், நிமிராது. அதனால் கூட்டம் அதிகமா, லைஃப் ஜாக்கெட் இல்லையா, ஏறாதீங்க. அடுத்த படகு வரும். ஐப்பசியில் கேரளாவில் மதியத்துக்கு மேல் இடி மின்னலோட மழை வரும், அதனால் காலைப் படகுதான் நல்லது. நீச்சல் தெரியாதவங்க கத்துக்கிட்டுப் போங்க. வறண்ட ஊர்ப் பிள்ளைகளுக்கு நீச்சல் தேவையில்லை என்று நினைப்பதால்தான் கண்மாயில் மண் அள்ளின குழி தெரியாமல் இறங்கி உயிர் போகுது.

ரெண்டாவது, "பசங்க போவீங்க, பொண்ணுங்க தனியாப் போக முடியுமா?" என் கூடப் படிக்கிறவங்க கேட்டாங்க. வீட்டில் பர்மிஷன் வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்பதை மறைக்க வேண்டாம். ஆனா ஒன்று சொல்லலாம். பகல் நேர அரசுப் படகில் பக்கத்து சீட்டில் ஸ்கூல் பிள்ளையும் வேலைக்குப் போற அக்காவும் உட்கார்ந்திருப்பாங்க. யாரோ நாலு பேரோட ராத்திரி ஹவுஸ்போட்டில் இருப்பதை விட இது எவ்வளவோ மேல். வீட்டில் பேசும்போது இதைச் சொல்லிப் பாருங்க.

மூணாவது, தலைப்பில் இருக்கும் கேள்வி. குடிக்கத் தண்ணி இல்லாத ஊருக்குப் படகு தேவையான்னு கேட்டா, படகு குடிதண்ணி தராது. உண்மை. ஆனா கேட்கத் தெரிந்த ஆளைத் தரும். 2021 பிப்ரவரியில் காவிரி–வைகை–குண்டாறு இணைப்புக்கு அடிக்கல் நாட்டினாங்க. மாயனூர் கதவணையிலிருந்து குண்டாறு வரை 262 கிலோமீட்டர், மதிப்பீடு 14,400 கோடி ரூபாய். கால்வாயின் கடைசி நுனியில் இருப்பது நாமதான். கடைமடைக்குத் தண்ணி வரணும்னா வழியெல்லாம் கால்வாய் நல்லா இருக்கணும், வந்த தண்ணியை வாங்கிக்கொள்ள நம்ம வரத்துக்கால் திறந்திருக்கணும். அது திறந்திருக்கா என்று இன்றைக்கு நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அதனால் நான் கேட்பது ரெண்டே ரெண்டு. வேலைக்குச் சேர்வதற்கு முன்னால், வர்ற ஐப்பசியில் மூணு நாள் ஒதுக்குங்க. ரெண்டு நாள் அரசுப் படகில் தனியா எங்கேயாவது போங்க. மூணாவது நாள் ஊருக்கு வந்து, மழை விட்ட காலையில், உங்க கண்மாயின் மறுகாலைப் பிடித்துக் கரையோரமாவே அடுத்த கண்மாய் வரை நடங்க. தண்ணிக்குள் இறங்க வேண்டாம், நடந்தாலே போதும். எங்கே அடைத்திருக்கு, எங்கே வீடு கட்டியிருக்கு, எங்கே முள் மண்டியிருக்கு என்று போட்டோவோட எழுதி நம்ம இதழுக்கு அனுப்புங்க, அப்படியே கிராம சபையிலும் கொடுங்க.

குண்டாறு வரைக்கும் அந்தக் கால்வாய் வரும்போது அதில் வேலை பார்க்கப் போற சிவில் இன்ஜினியர் இப்ப நம்ம கிளாஸில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம். தண்ணி எப்படி ஓடும் என்பதை எக்செல் ஷீட்டில் மட்டும் பார்த்த ஆளா அவர் அங்கே போய் நிற்கக் கூடாது.